கேம்பிரிட்ஜில் யார் யார் படித்தார்கள்? அடிக்கடி வரும் கேள்விகள்

வாரக் கடைசியில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்துகிறேன். "இவர்களில் கேம்பிரிட்ஜ் பட்டதாரி யார்?" என்று ஒரு கேள்வி போட்டுவிட்டால் தொலைந்தது. நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கும்வரை வாக்குவாதம் ஓடும். பிள்ளைகள் விட்டாலும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள் விடமாட்டார்கள். திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் வருவதால், கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

கேம்பிரிட்ஜ்னா ஒரு காலேஜா, யுனிவர்சிட்டியா? சிலர் டிரினிட்டிங்கறாங்க, சிலர் கிங்ஸ்ங்கறாங்க.

பல்கலைக்கழகம்தான். 1209இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஊர்க்காரர்களோடு தகராறு முற்றி, அங்கிருந்து தப்பி வந்த ஆசிரியர்களும் மாணவர்களும் தொடங்கியது. அதற்குள் இப்போது 31 கல்லூரிகள். மிகப் பழையது பீட்டர்ஹவுஸ், 1284. கல்லூரியில் அறை, சாப்பாடு, இரண்டு மூன்று பேரை உட்கார வைத்து நடத்தும் தனிப்பாடம் எல்லாம் கிடைக்கும். விரிவுரை, தேர்வு, பட்டம் மூன்றும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. எனவே டிரினிட்டியில் படித்தார் என்றாலும் கேம்பிரிட்ஜில் படித்தார் என்றாலும் ஒன்றேதான்.

ஒரு பொறி மட்டும் உண்டு. டிரினிட்டி வேறு, டிரினிட்டி ஹால் வேறு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தனித்தனிக் கல்லூரிகள். நியூட்டன் டிரினிட்டி. ஸ்டீபன் ஹாக்கிங் ஆக்ஸ்ஃபோர்டில் பி.ஏ. முடித்துவிட்டு வந்து, முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தது டிரினிட்டி ஹால்.

"படித்தவர்", "பட்டதாரி" ரெண்டும் ஒண்ணுதானே சார்? ஏன் மார்க்கைக் குறைக்கிறீங்க?

இல்லை தம்பி. சண்டை எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கேம்பிரிட்ஜோடு ஒருவருக்கு இருக்கும் உறவை மூன்று கணக்காகப் பிரித்துக்கொள்ளலாம்: அங்கே படித்தார், அங்கே பட்டம் வாங்கினார், அங்கே வேலை பார்த்தார். ஐசக் நியூட்டனுக்கு மூன்றும் பொருந்தும். 1661இல் பணக்கார மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்யும் ஏழை மாணவராகச் சேர்ந்தார், 1665இல் பி.ஏ., 1669இல் பேராசிரியர்.

மன்னராட்சியைக் கவிழ்த்து இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல் சிட்னி சஸ்ஸெக்ஸ் கல்லூரியில் 1616இல் சேர்ந்தார். மறு ஆண்டு அப்பா இறந்துபோக, பட்டம் வாங்காமல் ஊர் திரும்பினார். படித்தவர், ஆனால் பட்டதாரி இல்லை. (செத்த பிறகு எதிரிகள் தோண்டியெடுத்து வெட்டிய அவருடைய தலை மட்டும் 1960இல் அதே கல்லூரிக்குத் திரும்பி வந்து, சரியான இடம் வெளியே தெரியாமல் புதைக்கப்பட்டிருக்கிறது. இதற்கு எந்தக் கணக்கும் என்னிடம் இல்லை.) அணுகுண்டு தயாரிப்பை வழிநடத்திய ஓபன்ஹைமர் 1925இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்தார், செய்முறை வேலை கைவரவில்லை, ஜெர்மனியின் கெட்டிங்கனுக்குப் போய் அங்கே முனைவரானார். கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங்குக்குக் கதை வேறு: பி.ஏ. கிங்ஸ் கல்லூரியில், முனைவர் பட்டம் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில்.

காந்தி, நேரு, அம்பேத்கர் எல்லாரும் கேம்பிரிட்ஜ்தானே?

மூவரில் நேரு மட்டும். 1907 முதல் 1910 வரை டிரினிட்டியில் இயற்கை அறிவியல் படித்து, இரண்டாம் வகுப்பில் தேறினார். வேதியியலும் நிலவியலும் தாவரவியலும் அவர் எடுத்த பாடங்கள். சட்டம் அதற்கப்புறம் லண்டனில்.

காந்தி படித்தது லண்டனில், இன்னர் டெம்பிள் என்ற வழக்கறிஞர் கழகத்தில். அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியாவிலும் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் படித்து, கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். "பாரிஸ்டர்" என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனசு நேராகக் கேம்பிரிட்ஜுக்குப் போய்விடுகிறது. பாரிஸ்டர் ஆக்குவது லண்டனில் இருக்கும் அந்தக் கழகங்கள். கேம்பிரிட்ஜுக்கு அதில் வேலையில்லை.

பிரதமர்களில் இன்னொருவர் மன்மோகன் சிங். செயின்ட் ஜான்ஸ் கல்லூரி, 1957, பொருளாதாரத்தில் முதல் வகுப்பு. முனைவர் பட்டம் மட்டும் ஆக்ஸ்ஃபோர்டில். ராஜீவ் காந்தி டிரினிட்டியில் பொறியியல் படித்தார், பட்டம் வாங்கவில்லை.

ராமானுஜன் இங்க எஃப்.ஏ. ஃபெயிலானவராச்சே. அவருக்கு எப்படி டிகிரி கொடுத்தாங்க?

பி.ஏ.வுக்கு முந்தைய அந்தக் கல்லூரித் தேர்வில் கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பனிலும் தேறாதவர்தான். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, 1913 ஜனவரியில் டிரினிட்டியின் கணிதவியலாளர் ஜி.எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச்சில் கப்பலேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. அங்கே வழக்கமான நுழைவுத் தகுதிகளைத் தளர்த்தி அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

1916 மார்ச்சில் "ஆராய்ச்சி வழி பி.ஏ." கிடைத்தது. தேர்வு எழுதி வாங்கியது அல்ல, ஆய்வுக் கட்டுரைக்கு வாங்கியது. அதன் பொருளைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லலாம். 12ஐ 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும்விட அதிக வகுஎண்கள் கொண்ட எண்களைப் பற்றித்தான் எழுதினார். அப்போது கேம்பிரிட்ஜில் பி.எச்டி. என்ற பட்டமே இல்லை, முதல் உலகப் போருக்குப் பிறகுதான் வந்தது. எனவே "வெறும் பி.ஏ.தானா" என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டியின் ஃபெல்லோ, அதாவது கல்லூரியின் மூத்த உறுப்பினர். அந்தக் கல்லூரியில் ஃபெல்லோவான முதல் இந்தியர் அவர்.

பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வது போர்வைக் கதை. குளிர்காலத்தில் கிங்ஸ் கல்லூரி மாணவர் ஒருவர் ராமானுஜனின் அறைக்குப் போயிருக்கிறார். ராத்திரியெல்லாம் குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டு சால்வையும் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன் என்றார் ராமானுஜன். போய்ப் பார்த்தால் கட்டிலில் கம்பளிகள் ஏராளம், ஆனால் எல்லாம் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகப்பட்டிருக்கின்றன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று தெரியாமல், மனிதர் அத்தனைக்கும் மேலே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார். விலக்கிக் காட்டிய அந்த மாணவர் பி.சி. மகலநோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். அவரும் கேம்பிரிட்ஜ் பட்டதாரியே.

ராமானுஜனை விட்டா வேற தமிழர் யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். கும்பகோணத்துக்காரரே இன்னொருவர் உண்டு: எம்.எஸ். சுவாமிநாதன், 1952இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். பசுமைப் புரட்சி என்றதும் நினைவுக்கு வருகிற அதே சுவாமிநாதன்.

அப்புறம் சுப்ரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கப்பலில் போனார். ஒரு விண்மீன் எரிந்து முடிந்தபின் எந்த எடை வரை வெண்குறுமீனாக நிலைக்க முடியும் என்ற கணக்கைக் கப்பலிலேயே போடத் தொடங்கினார். டிரினிட்டியில் 1933இல் முனைவர். 1935 ஜனவரியில் லண்டனில் தன் முடிவைச் சொன்னபோது, கேம்பிரிட்ஜின் பெரிய வானியலாளர் எடிங்டன் அதே மேடையில் அதை எள்ளி நகையாடினார். நோபல் வந்தது 1983இல்.

இலங்கைப் பக்கம் பொன்னம்பலம் அருணாசலம், கிறைஸ்ட்ஸ் கல்லூரி. போட்டித் தேர்வு எழுதி 1875இல் சிலோன் சிவில் சர்வீஸில் நுழைந்த முதல் இலங்கையர். 1919இல் தொடங்கிய இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரும் அவரே. அவருடைய அண்ணன் இராமநாதனையும் கேம்பிரிட்ஜ் என்று சிலர் எழுதுகிறார்கள். அவர் படித்தது சென்னை மாநிலக் கல்லூரி. அரசியலில் மோகன் குமாரமங்கலம் கிங்ஸ் கல்லூரி, மாணவர் மன்றமான கேம்பிரிட்ஜ் யூனியனின் தலைவராகவும் இருந்தார். சிங்கப்பூரின் இப்போதைய அதிபர் தர்மன் சண்முகரத்தினம் அங்கே பொருளாதாரத்தில் எம்.ஃபில். பெற்றவர், பூர்வீகம் இலங்கைத் தமிழ்க் குடும்பம்.

வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்துல பிறந்து கேம்பிரிட்ஜ்ல நோபல் வாங்கினாரே. அவரை ஏன் விட்டுட்டீங்க?

அவர் மூன்றாவது கணக்கு, அங்கே வேலை பார்த்தவர். பரோடாவில் பி.எஸ்சி., அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் முனைவர். கேம்பிரிட்ஜில் இருக்கும் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது 2009இல் நோபல் கிடைத்தது. அங்கே அவர் மாணவராக இருந்ததில்லை.

"கேம்பிரிட்ஜுக்கு 120க்கு மேல் நோபல்" என்று படிக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். அந்தப் பட்டியலில் படித்தவர்களோடு வேலை பார்த்தவர்களும் சேர்த்தி. இருந்தாலும் ஒரே ஆள் இரண்டு தடவை வாங்கியதும் அதில் உண்டு: ஃபிரெடரிக் சாங்கர், 1958, 1980, இரண்டும் வேதியியலில். அவர் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர், சந்தேகமே வேண்டாம்.

டார்வின் மக்கு ஸ்டூடன்ட்னு சொல்றாங்களே, உண்மையா?

எடின்பரோவில் மருத்துவத்தைப் பாதியில் விட்டவர், பாதிரியாராக்கலாம் என்று அப்பா 1828இல் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்கு அனுப்பி வைத்தார். 1831இல் சாதாரணப் பட்டத் தேர்வில் 178 பேரில் பத்தாவதாக வந்தார். மக்கு பத்தாவதாக வருவாரா? கடினமான ஆனர்ஸ் தேர்வை எழுதவில்லை, அவ்வளவுதான்.

பாடத்தில் மனம் ஒட்டவில்லை என்பது மட்டும் மெய். மனம் முழுக்க வண்டு பிடிப்பதில் இருந்தது. ஒரு நாள் பழைய மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அபூர்வ வண்டுகள். கைக்கு ஒன்றாகப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து மூன்றாவது ஒன்று வெளியே வந்தது. விட மனசில்லை. வலக்கையில் இருந்ததை லபக்கென்று வாயில் போட்டுக்கொண்டார். அது நாக்கைச் சுடும்படி ஒரு திரவத்தைப் பீய்ச்ச, துப்பிவிட்டார். அதுவும் போச்சு, மூன்றாவதும் போச்சு. வயதான பிறகு அவரே எழுதி வைத்த கதை இது.

"ராங்லர்"னா என்ன பட்டம்? பி.எச்டி.யை விட பெரிசா?

பட்டமே இல்லை. கேம்பிரிட்ஜின் ஆனர்ஸ் தேர்வுக்கு "டிரைபாஸ்" என்று பெயர். கணித டிரைபாஸில் முதல் வகுப்பில் தேறினால் ராங்லர். 1909 வரை முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படி பெயர் வாசிப்பார்கள். முதலிடம் சீனியர் ராங்லர். ஆனர்ஸில் கடைசியாக வந்தவருக்கு ஒரு பெரிய மரக்கரண்டி, பட்டம் வாங்கக் குனியும்போது மாடத்தில் இருந்து நண்பர்கள் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். 1909இல் கொடுத்த கடைசிக் கரண்டி துடுப்பில் செய்தது.

இந்தியாவின் முதல் ராங்லர் ஆனந்த மோகன் போஸ், 1874. முதல் இந்திய சீனியர் ராங்லர் புனேயின் ஆர்.பி. பராஞ்ச்பே, 1899. மகாராஷ்டிரத்தில் அவர் சாகும்வரை "ராங்லர் பராஞ்ச்பே"தான். ஆனால் இந்த வரிசையை ரொம்ப நம்ப வேண்டாம். 1854இல் இரண்டாவதாக வந்தவர் மின்காந்தக் கோட்பாட்டைத் தந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். முதலாவதாக வந்த ரவுத்தின் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? நாலாம் இடம் வந்த ஹார்டிக்கு இந்தத் தேர்வு முறையே பிடிக்கவில்லை, மாற்றச் சொல்லிப் போராடினார். தேர்வில் தேறாத ராமானுஜனின் கடிதத்தைக் குப்பையில் போடாதவர் அவர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பொண்ணுங்க பேரே காணோமே? படிக்கவே இல்லையா?

படித்தார்கள், எழுதினார்கள், ஆண்களை முந்தினார்கள். பட்டம்தான் கொடுக்கவில்லை. பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரி 1869இலும் நியூனம் 1871இலும் தொடங்கிவிட்டன. 1881 முதல் டிரைபாஸ் எழுத அனுமதி. 1890இல் நியூனமின் பிலிப்பா ஃபாசெட் கணிதத்தில் எல்லோரையும்விட அதிக மதிப்பெண் வாங்கினார். பெண்கள் பட்டியலைத் தனியாகத்தான் வாசிப்பார்கள். அவர் பெயர் வந்ததும் "சீனியர் ராங்லருக்கு மேலே" என்று அறிவித்தார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த எவருக்கும் பட்டம் இல்லை.

1897இல் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு. சைக்கிளில் உட்கார்ந்த பெண் மாதிரி ஒரு கொடும்பாவி செய்து, செனட் ஹவுஸுக்கு எதிரே தொங்கவிட்டார்கள் மாணவர்கள். தீர்மானம் தோற்றது. 1921இல் மறுபடி தோற்றது, அந்த வெற்றிக் களிப்பில் ஒரு கும்பல் போய் நியூனமின் வெண்கலக் கதவை இடித்து நாசமாக்கியது. சமாதானமாகக் கொடுத்தது "பெயரளவுப் பட்டம்". பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம், பல்கலைக்கழக நிர்வாகத்தில் வாக்குரிமை கிடையாது. முழுப் பட்டம் வந்தது 1948இல். ஆக்ஸ்ஃபோர்டு 1920இலேயே கொடுத்துவிட்டது.

எனவே டி.என்.ஏ. புகழ் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 1941இல் தேர்வு முடித்தபோது வாங்கியது பெயரளவுப் பட்டமே. விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று காட்டிய சிசிலியா பெய்னும் நியூனம்தான், இங்கே எதிர்காலமில்லை என்று அமெரிக்கா போய்விட்டார். நம் சரோஜினி நாயுடு கர்ட்டனில் படித்தார், பட்டம் வாங்காமல் 1898இல் திரும்பினார். இரண்டாவது கேள்வியில் சொன்ன கணக்கைப் பெண்களுக்கு அப்படியே போட்டால் அநியாயம். 1948க்கு முந்தைய பெண்களுக்கு "தேர்வில் தேறினார்" என்றால் முழு மார்க் கொடுத்துவிடுகிறேன்.

ஆம்பளைங்களுக்கு மட்டும் எல்லாருக்கும் கொடுத்தாங்களா?

நல்ல கேள்வி. 1856 வரை இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவருக்குப் பட்டம் கிடையாது. கணித மேதை சில்வெஸ்டர் யூதர். 1837இல் இரண்டாவது ராங்லராக வந்தும் பட்டம் மறுக்கப்பட்டது, டப்ளினில் போய் வாங்கிக்கொண்டார். கேம்பிரிட்ஜ் கொடுத்தது 1872இல், 35 ஆண்டு கழித்து.

அரவிந்தரும் சுபாஷ் போஸும் ஐ.சி.எஸ். பாஸ் பண்ணவங்கன்னு தெரியும். கேம்பிரிட்ஜ் டிகிரி உண்டா?

பாண்டிச்சேரிக்கு வந்து தங்கிய அரவிந்தர் கிங்ஸ் கல்லூரியில் உதவித்தொகையில் படித்தார். 1892இல் செவ்வியல் மொழிகளுக்கான டிரைபாஸின் முதல் பகுதியில் முதல் வகுப்பு, ஆனால் பட்டம் வாங்கவில்லை. ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்விலும் தேறினார், குதிரையேற்றத் தேர்வுக்குப் போகவில்லை, பணிக்கு எடுக்கவில்லை. எனவே "ஐ.சி.எஸ். அதிகாரி அரவிந்தர்" என்பதும் தப்பு.

போஸ் 1920இல் ஐ.சி.எஸ்.ஸில் நாலாம் இடம். கேம்பிரிட்ஜில் தத்துவம் படித்துப் பட்டமும் வாங்கினார், 1921இல் வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அவர் இருந்தது ஃபிட்ஸ்வில்லியம் ஹால். கல்லூரிச் செலவு தாங்காதவர்கள் வெளியே அறை எடுத்துப் படிக்க வசதியாக வைத்திருந்த அமைப்பு அது. பின்னாளில் அதுவே கல்லூரியானது. சுவாமிநாதனும் சிங்கப்பூரின் லீ குவான் யூவும் அங்கிருந்தவர்களே. டிரினிட்டி அளவுக்குப் பேர் இல்லாத இடம், ஆனால் ஆசியாவில் அதன் கை ஓங்கித்தான் இருக்கிறது.

எங்க தாத்தா சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ். அப்ப அவரும் கேம்பிரிட்ஜ்காரர்தானே?

இதைக் கேட்ட அம்மாவின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லக் கஷ்டமாக இருந்தது. சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளி இறுதித் தேர்வு. கேம்பிரிட்ஜின் தேர்வுக் குழு 1858இல் உள்ளூரில் தொடங்கி, பிறகு காலனி நாடுகளுக்கெல்லாம் வினாத்தாள் அனுப்பியது. மலாயாவிலும் இலங்கையிலும் அது பாஸ் என்றால் எழுத்தர், ஆசிரியர் வேலை கிடைக்கும், கல்யாணச் சந்தையிலும் மதிப்பு. தாத்தா கெட்டிக்காரர், அதில் மாற்றுக் கருத்தில்லை. பல்கலைக்கழகத்தின் மாணவர் மட்டும் இல்லை. இன்று "கேம்பிரிட்ஜ் சிலபஸ்" பள்ளியில் படிக்கும் பேரனுக்கும் இதே பதில்.

இதோடு ஒட்டிய குழப்பம் ஒன்று: ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இருப்பதும் கேம்பிரிட்ஜ்தான், அமெரிக்காவில் இருக்கும் ஊர். இங்கிலாந்து கேம்பிரிட்ஜின் எம்மானுவல் கல்லூரியில் படித்த ஜான் ஹார்வர்டின் பெயர்தான் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு.

ஒருத்தர் எம்.ஏ. (கேன்டாப்)னு போட்டிருக்கார். எதுல எம்.ஏ.?

எதிலும் இல்லை. "கேன்டாப்" என்றால் லத்தீனில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவர் என்ற குறிப்பு. அங்கே பி.ஏ. வாங்கியவர், முதலில் சேர்ந்து ஆறேழு ஆண்டு போனால் தேர்வும் வகுப்பும் இல்லாமல் எம்.ஏ. வாங்கிக்கொள்ளலாம். பழைய வழக்கம். கஷ்டப்பட்டு எம்.ஏ. எழுதி வாங்கிய நமக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

இங்கிலாந்து பிரதமர்கள் பாதிப்பேர் கேம்பிரிட்ஜாமே?

ஆக்ஸ்ஃபோர்டு. கேம்பிரிட்ஜ்காரர்கள் 14 பேர், ஆக்ஸ்ஃபோர்டில் அதைப்போல இரு மடங்குக்கு மேல். கேம்பிரிட்ஜில் இருந்து கடைசியாக வந்தவர் ஸ்டான்லி பால்ட்வின், 1937இல் பதவி விலகினார், வரலாற்றில் மூன்றாம் வகுப்பு. முதல் பிரதமர் ராபர்ட் வால்போல் கிங்ஸில் படித்தார், அண்ணன் இறந்ததால் பட்டம் வாங்காமல் போனார்.

சோவியத்துக்கு உளவு பார்த்த ஐவரைக் கேட்டால் கேம்பிரிட்ஜுக்குத்தான் முதலிடம். ஃபில்பி, பர்ஜஸ், பிளண்ட், கேர்ன்கிராஸ் நால்வரும் டிரினிட்டி, மெக்லீன் மட்டும் டிரினிட்டி ஹால். முதல் கேள்வியில் சொன்ன பொறி இங்கேயும் வரும்.

டிரினிட்டியில ஒரு கரடி படிச்சுதாமே, சார்?

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் கேள்வி சரியானது. கவிஞர் பைரன் டிரினிட்டி மாணவர். நாய் வளர்க்கக் கூடாது என்பது அங்கே விதி. கரடி கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆகவே 1807இல் ஒரு கரடியை வாங்கிவந்து வளர்த்தார். இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டவர்களிடம், ஃபெல்லோ பதவிக்குப் போட்டியிடும் என்றாராம்.

பைரன் 1808இல் எம்.ஏ. வாங்கினார், பிரபு என்பதால் தேர்வில்லை. கரடி அங்கே தங்கியிருந்தது. படிக்கவில்லை, பட்டம் வாங்கவில்லை, வேலையும் பார்க்கவில்லை.